கடைசி மாடு தலை தூக்கும்வரை

தண்ணீர் குடிக்கச் சொல்லி ஒரு மனிதரோடு நான் வருடக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறேன். சாராயத்தை விடச் சொல்லிச் சண்டை போடுகிறவர்கள் உண்டு, பீடியை விடச் சொல்லிச் சண்டை போடுகிறவர்கள் உண்டு. பச்சைத் தண்ணீரைக் குடியுங்கள் என்று ஒருவரிடம் கெஞ்சி, திட்டி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்த கிறுக்கன் போடி வட்டாரத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருக்கும்.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. இரண்டு மகள்கள் கட்டிக்கொடுத்த ஊர்களில் பேரன் பேத்தியோடு இருக்கிறார்கள். அப்பா எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பதை அவர்கள் ஒரு விதமாக மனதில் வைத்திருப்பார்கள், அதில் போய் நான் கை வைக்க வேண்டாம். ஊரில் அவருக்குக் கிடைக்காரர் என்றுதான் பேர். மலைமாடு நூறுக்குக் குறையாமல் வைத்திருந்தார். பாதி அவருடையது, மீதி ஊர்க்காரர்கள் மேய்ச்சலுக்கு விட்டது. தை அறுப்பு முடிந்ததும் சிலமலை, ராசிங்காபுரம் பக்கத்துத் தோட்டங்களில் மாடுகளை இரவில் அடைத்து நிலத்துக்கு எரு ஏற்றுவார். அதைத்தான் கிடை போடுவது என்பார்கள். சித்திரையில் கோடை மழை விழுந்து சரிவுகள் பச்சை கட்டியதும் மொத்தக் கிடையையும் மலைக்கு ஏற்றிவிடுவார்.

நான் அடிவாரத்து ஊர் ஒன்றில் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டராக இருந்தேன். முப்பது வயது. டாக்டர் வாரத்தில் மூன்று நாள் வருவார். மற்ற நாளெல்லாம் மருந்து கொடுப்பவனும் நான்தான், கூட்டிப் பெருக்குகிறவனும் நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மாட்டுக்கு ஊசி போடுவதைவிட மாட்டுக்காரனுக்குத்தான் நீ அதிகம் போடுகிறாய் என்று டாக்டரே கேலி செய்வார். எருமைக்குக் காய்ச்சல் என்று பத்து நாள் கழித்து வந்து நிற்கிறவனை வேறு என்ன செய்வது?

கிடைக்காரரோடு முதல் தடவை மலை ஏறியது ஒரு வைகாசியில். மழைக்கு முன்னால் சப்பை நோய்க்குத் தடுப்பூசி போட்டுவிட வேண்டும். மாட்டை இறக்கிக்கொண்டு வர முடியாது, ஊசியை நீங்கள் ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். ஐஸ் போட்ட பிளாஸ்க் ஒரு தோளில், தண்ணீர் பாட்டில் ஒரு தோளில். பாதி ஏற்றத்திலேயே எனக்கு மூச்சு வாங்கியது. நான் குடித்துவிட்டு மரியாதைக்கு அவரிடமும் நீட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். உதடு வெடித்துப் போயிருக்கிறது, வேண்டாமாம். நான் என்ன ஆள், எந்தத் தெரு என்று யோசிக்கிறாரோ என்று எனக்குச் சுருக்கென்றது. அப்படிப்பட்டவர்களும் அந்த நாளில் நிறைய உண்டு. அப்புறம் மேலே போகிறவரை அவரோடு நான் பேசவில்லை.

மேலே ஓடையில் மாடுகள் தண்ணீரில் வாய் வைத்தன. அவர் ஒரு பாறையில் நின்றுகொண்டு சீழ்க்கை அடிக்க ஆரம்பித்தார். சீழ்க்கை அடித்தால் மாடு நன்றாகக் குடிக்கும் என்பது எல்லா மாட்டுக்காரருக்கும் தெரிந்ததுதான். இவர் சீழ்க்கை சன்னமாக, இழுத்து இழுத்து வரும். கிடையில் ஒரு நொண்டிப் பசு இருந்தது. எல்லா மாடும் குடித்துக் கரையேறிய பிறகுதான் அது மெதுவாக வந்து சேரும். அதற்கும் நின்று அடித்தார். அது தலையைத் தூக்கி மூக்கை நக்கிக்கொண்ட பிறகு, இறங்கிப் போய் அதே தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார். குடித்து முடித்து என்னிடம் வந்து, கையை நீட்டி என் பாட்டிலை வாங்கி, அதில் இருந்ததையும் கடைசிச் சொட்டு வரை குடித்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஏன் இப்படி என்று கேட்டேன். அவர் ரொம்பப் பேசுகிறவர் இல்லை. கேட்டதற்குப் பதில் வரும், அதுவும் மாட்டைப் பார்த்துக்கொண்டேதான் வரும்.

"நான் குடிச்சிட்டேன்னு வச்சுக்கங்க தம்பி, மாட்டுக்குத் தாகமா இல்லையான்னு யாரைப் போயிக் கேக்குறது? என் நாக்கு ஒட்டுச்சுன்னா அதுக நாக்கும் ஒட்டுச்சுன்னு அர்த்தம். அம்புட்டுத்தேன்."

அன்றைக்கு எனக்கு அது சரியாகத்தான் பட்டது, மறைக்க வேண்டியதில்லை. அது விரதமுமில்லை, சாமி காரியமுமில்லை. அவருக்கு அது தொழில். நான் மாட்டுக்கு வெப்பமானி வைத்துப் பார்ப்பதைப் போல அவர் தன் நாக்கை வைத்துப் பார்த்தார். தேவாரம் பக்கத்தில் இன்னொருவர் கிடை வைத்திருந்தார். ஒரு கோடையில் அவர் கிடையில் வெயில் தாங்காமல் கன்றுகள் சுருண்டு விழுந்தன. அதே வெயிலில் இவர் கிடையில் ஒரு கன்றுகூட விழவில்லை. தாகம் எடுத்ததும் இவர் கிடையைத் தண்ணீருக்குத் திருப்பிவிட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

ராசிங்காபுரத்தில் அவர் மச்சினனுக்குக் கல்யாணம் நடந்தது. இந்த மச்சினன்தான் கிடையில் அவருக்குத் துணை. மாப்பிள்ளையாகி மணையில் உட்கார்ந்துவிட்டதால் அன்றைக்கு மாட்டைக் கூலியாள் ஒருவர் ஓட்டிப் போயிருந்தார். பந்தியில் நான் இவருக்குப் பக்கத்து இலை. சோறு, குழம்பு, ரசம் எல்லாம் ஆயிற்று, டம்ளர் வைத்தது வைத்தபடி இருக்கிறது. விக்கல் எடுக்கிறது, அப்போதும் தொடவில்லை. பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் அதைக் கவனித்துவிட்டார். எங்க வீட்டுத் தண்ணியில என்ன குத்தம் கண்டீக என்று அவர் குரலை உயர்த்த, பந்தியே நின்றுபோனது. சம்பந்தி வீட்டுத் தண்ணீரைத் தொடாமல் எழுந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான்தான் எழுந்து விளக்கம் சொன்னேன். யாரும் நம்பவில்லை. கூலியாள் வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாயிற்று என்று சொன்ன பிறகு, இவர் அந்தப் பெரியவர் முன்னாலேயே போய் நின்று மூன்று சொம்புத் தண்ணீர் குடித்தார். அப்புறம்தான் அந்த மனுஷன் சிரித்தார்.

"என்னையக் கட்டுன அன்னைக்கே, மாடு தண்ணி குடிச்சிருச்சான்னு கேட்டுட்டுத்தேன் தாலியக் கையில எடுத்தாரு" என்று கிடைக்காரர் மனைவி எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள். மதினி என்றுதான் நான் அவளைக் கூப்பிடுவேன். அந்தச் சிரிப்பெல்லாம் எழுபதுகளோடு போயிற்று.

அந்த நாளில் இந்தப் பழக்கத்தால் அவருக்கு ஒரு கெடுதலும் இல்லை. காலையில் கிடையை எழுப்பி ஓட்டினால் வெயில் உச்சிக்கு வருமுன் ஏதாவது ஒரு ஓடையில் மாடு வாய் வைத்துவிடும். இவரும் குடித்துவிடுவார். பிறகு காலம் தடம் மாறியது. சித்திரையில் விழ வேண்டிய மழை வைகாசிக்குத் தள்ளிப் போனது. இன்னொரு வருடம் வைகாசியிலும் இல்லை. ஆனி, ஆடியில் மேலே ஏலத்தோட்டங்களை மூடிக்கொண்டு நிற்கும் மஞ்சு, அதாவது பனிமூட்டம், சீக்கிரமே கலைய ஆரம்பித்தது. சாரல் அடிவாரம் வரை வந்து எட்டிப் பார்த்த காலம் போய், மேலேயே நின்றுவிட்டது. இன்றைக்கு டி.வி.யில் இதற்குப் பருவநிலை மாற்றம் என்று பேர் வைத்துப் படம் போட்டு விளக்குகிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு அந்தச் சொல் தெரியாது. மேலே காட்டை வெட்டினதால் என்றார் ஒருவர். ஓடையைத் தலையிலேயே குழாய் போட்டுத் தோட்டத்துக்கு இழுத்துக்கொள்கிறார்கள் என்றார் இன்னொருவர். சாமிக்கு ஏதோ குறை என்றார்கள் பெண்கள். காலம் கெட்டுப்போச்சு என்று முடித்துவிட்டு எல்லாரும் அவரவர் சோலியைப் பார்க்கப் போனோம்.

கிடைக்காரர் மட்டும் அதை அளந்துகொண்டிருந்தார். மலைப்பாதையில் கீழே ஒரு புளியமரம், அதற்கு மேலே ஒரு ஊற்று, அதற்கு மேலே வழுக்குப்பாறை, அதையும் தாண்டினால் பெரிய ஓடை. முன்பெல்லாம் வழுக்குப்பாறைக்குப் போகும்போதுதான் அவருக்கு நாக்கு ஒட்டுமாம். பிறகு அது ஊற்றுக்கு இறங்கியது. எண்பதுகள் பிறந்தபோது புளியமரத்துக்கே வந்துவிட்டது. "மரத்துக்கிட்டயே ஒட்டுது தம்பி. இன்னும் மலையே ஏறல" என்று அவர் சொன்னபோது அவர் குரலில் பயம் இருந்தது. அவர் பயந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மாடுகளும் கெட்டுப்போயின. புல் இல்லாமல் உண்ணிச்செடியைக் கடித்துவிட்டுக் கண்ணெல்லாம் மஞ்சளாகி வந்து நின்றன. பசுக்கள் சினைக்கே வரவில்லை. சினையானவை குறை மாதத்தில் போட்டன. பிறந்த கன்றுக்கு எழுந்து நிற்கத் தெம்பு இருக்காது. முன்பு மழைக்காலத்தோடு போய்விடும் உண்ணிப்பூச்சி இப்போது வருடம் முழுக்கக் காதுமடலில் தொங்கியது. ஊற்றில் விரல் கனம்தான் தண்ணீர் வரும். நூறு மாட்டையும் அதில் குடிக்க வைக்க, நாலு நாலாக விட்டு, சேர்ந்ததும் மறுபடி நாலாக விட்டு, பொழுது சாய்ந்துவிடும். அதுவரை இவர் வாயில் ஒரு சொட்டு இறங்காது. சீழ்க்கை அடிக்கக்கூட வாயில் எச்சில் இல்லை, மச்சினன்தான் அடிக்கிறான் என்று கேள்விப்பட்டேன்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியில் கூட்டம் போன பிறகு வந்து ஜன்னலோரம் நின்றார். காளைக்கு நீர்க்கடுப்பு என்றால் என்ன மருந்து கொடுப்பீர்கள் என்று கேட்டார். எந்தக் காளை, எத்தனை பல் என்று நான் நோட்டை எடுத்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு, நாற்பத்தி ரெண்டு வயசு இருக்கும் என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்ததும் அது அப்படியே நின்றுவிட்டது. கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து, இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். மாட்டு மருந்தே கொடுங்கள், எனக்கும் அதுதான் கேட்கும் என்றார்.

போடிக்குப் பஸ்சில் கூட்டிப் போனேன். டாக்டர் சிறுநீரைச் சோதித்துவிட்டு, உள்ளே கல் சேர்ந்திருக்கிறது, சிறுநீரகம் வாடிக்கொண்டு வருகிறது, மணிக்கு ஒரு சொம்பு தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லையென்றால் பிழைக்க மாட்டீர்கள் என்று பட்டென்று சொன்னார். இவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். பஸ் ஸ்டாண்டில் ஒரு சோடா வாங்கிக் கையில் கொடுத்தேன். பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்தபடி நிற்கிறார். மச்சினன் இந்நேரம் தண்ணி காட்டியிருப்பானா என்று கேட்டார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, அந்தச் சோடாவைப் பிடுங்கி ரோட்டில் கொட்டிவிட்டேன். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. அவர் காலி பாட்டிலை வாங்கிக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதற்கப்புறம் பார்க்கிற இடத்திலெல்லாம் சண்டைதான். அவர் கேட்டுக்கொள்வார், செய்ய மாட்டார். ஒரு நாள் மதினி என் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஒன்றுக்குப் போனால் சிவப்பாகப் போகிறதாம். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"டாக்டரு சொன்னா கேக்க மாட்டாரு. நீங்க மாட்டைத் தொடுற ஆளு, நீங்க சொன்னா கேப்பாரு தம்பி. ரெண்டு பொட்டப்புள்ளைகள வச்சுக்கிட்டு நான் எங்கிட்டுப் போவேன்?"

அன்று சாயங்காலமே கிடைக்குப் போனேன். இந்தத் தடவை சத்தம் போடவில்லை. அவர் உயிரைப் பற்றியோ பிள்ளைகளைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. அதில் அவரை அசைக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. ஒன்றே ஒன்று கேட்டேன்.

"நீங்க விழுந்துட்டா இதுகளுக்குத் தண்ணி காட்ட யாருண்ணே இருக்கா?"

அவர் மாடுகளைப் பார்த்தார். மச்சினனைப் பார்த்தார். மச்சினன் நல்லவன்தான், ஆனால் வேளைக்குக் குடித்து வேளைக்குத் தூங்குகிறவன். சரி, குடிக்கிறேன் என்றார். போடியில் வாங்கித் தண்ணீர் நிரப்பிக் கையோடு கொண்டுபோயிருந்த வெள்ளைக் கேனை அவர் தோளில் மாட்டிவிட்டேன். என் முன்னாலேயே மூடியைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தார். குடித்துவிட்டுத் தப்புச் செய்தவரைப் போலக் கிடைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

இருபது நாள் குடித்தார். இடுப்பு வலி குறைந்தது, ஒன்றுக்குத் தெளிந்து போனது, முகத்தில் கொஞ்சம் களை வந்தது. மதினி பசுநெய் கொண்டுவந்து கொடுத்தாள். நான் வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் ஒரே பீற்றல். பெரிய டாக்டரால் முடியாததை நான் முடித்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அது மழை இரண்டு பருவமும் பொய்த்த வருடம். வயலில் அறுப்பே இல்லை, தாளும் இல்லை, கிடை போடக் கூப்பிடவும் ஆளில்லை. வேறு வழியில்லாமல் பங்குனியிலேயே மாடுகளைச் சரிவில் ஏற்றி மேய்த்து, சாயங்காலம் அடிவாரத்துக்கு இறக்கிக்கொண்டிருந்தார். கேன் மாட்டிய இருபதாம் நாளும் அப்படித்தான் ஏறியிருக்கிறார். புளியமரத்தடியில் நாக்கு ஒட்டவில்லை. ஊற்றுப் பக்கம் வந்தபோதும் ஒட்டவில்லை. கேனில்தான் தண்ணீர் இருக்கிறதே, மணிக்கு ஒரு தடவை குடித்துக்கொண்டு போகிறார். இன்னும் நேரமிருக்கிறது, மேலே கொஞ்சம் மேயட்டும், இறங்கும்போது ஊற்றில் காட்டிக்கொள்ளலாம் என்று வழுக்குப்பாறையைத் தாண்டிவிட்டார். மாடுகள் நாக்கைத் தொங்கவிட்டு அங்கங்கே நின்றபோதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. திரும்பி ஊற்றுக்கு இறங்கினால் பாதி மாடு வழியிலேயே விழுந்துவிடும். பெரிய ஓடை பக்கம்தான், அங்கே ஏதாவது குட்டையாவது இருக்கும் என்று ஓட்டினார். ஓடையில் கல்லும் மணலும்தான் கிடந்தன.

ஓடைக்கரையை ஒட்டி ஒரு ஏலத்தோட்டம். செடிக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கலக்குவதற்காகப் பள்ளம் தோண்டி, தார்ப்பாய் விரித்து, எங்கிருந்தோ கொண்டுவந்த தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தார்கள். முன்பு ஓடையிலேயே டிரம்மை வைத்துக் கலக்குவார்கள், ஓடுகிற தண்ணீர் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும். ஓடை செத்த பிறகு பள்ளம்தான். அன்று காலையில்தான் மருந்தை ஊற்றிக் கலக்கியிருந்தார்கள். மாடுகளுக்குத் தண்ணீர் வாடை அடித்துவிட்டது. இவரும் மச்சினனும் கம்பை வீசிக்கொண்டு குறுக்கே ஓடியிருக்கிறார்கள். தாகத்தில் ஓடுகிற மலைமாட்டை யாரால் நிறுத்த முடியும்? பள்ளத்து விளிம்பில் கையை விரித்துக்கொண்டு நின்றவரை அவர் வளர்த்த பசுவே முட்டித் தள்ளிவிட்டு ஓடியது.

மச்சினன் மூச்சிரைக்க ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது மத்தியானம் மூன்று மணி இருக்கும். டாக்டர் வராத நாள். விஷத்தை முறிக்கிற ஊசி மருந்தை அலமாரியில் இருந்தவரை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு, லோடு ஏற்றப் போன ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு, மலைரோட்டு வளைவில் இறங்கி ஓடினேன். போய்ப் பார்த்தால் ஓடை நெடுகப் படுத்துக் கிடக்கின்றன. வாயில் நுரை, கண்ணில் நீர், தோல் முழுக்கத் துடிக்கிறது. ஒரு மாட்டுக்கே நிறைய மருந்து பிடிக்கும். என்னிடம் இருந்தது மூன்று மாட்டுக்குத்தான் வரும். எதுக்குப் போடட்டும்ணே என்று அவரிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் ஒவ்வொரு மாடாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நானே மூன்று சினைப்பசுக்களைப் பார்த்துப் போட்டேன். இரண்டு பிழைத்தன. பொழுது இறங்குவதற்குள் பத்தொன்பது மாடு செத்துப்போயின. நொண்டிப் பசு மெதுவாக வந்து சேர்ந்ததால் தப்பித்தது.

தோட்டத்து மேஸ்திரி வந்து, இங்கே எதற்கு மாட்டை ஓட்டினாய் என்று சத்தம் போட்டார். நான் அவர் மேல் பாய்ந்தேன். கிடைக்காரர் இரண்டு பேரையுமே ஏறிட்டுப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனார்.

"நான் குடிச்சிட்டேன் தம்பி" என்றார். "அதுகளுக்கு முன்னாடி நான் குடிச்சிட்டேன்."

ஓடை வற்றியது உங்களாலா, மழை வராதது உங்களாலா, பள்ளத்தில் மருந்தைக் கலந்தது நீங்களா என்று அன்றும் கேட்டேன், அடுத்த வாரமும் கேட்டேன், மாதக்கணக்கில் கேட்டேன். நான் கேட்டது அத்தனையும் நியாயம்தான். ஆனால் கேன் இல்லாமல் போயிருந்தால் புளியமரத்தடியிலேயே அவருக்கு நாக்கு ஒட்டியிருக்கும், ஊற்றிலேயே நின்றிருப்பார். அதை நான் எந்த வாயால் இல்லையென்று சொல்வது? அவர் ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியைத் திறக்கப் போனபோது, வெள்ளைக் கேன் சுத்தமாகக் கழுவி ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்தது.

அப்புறம் அவரிடம் தண்ணீர்ப் பேச்சை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் பழைய ஆளாகிவிட்டார், பழையதைவிட மோசமாக. சாயங்காலம் மாடு குடித்த பிறகும் ஒரு கை, இரண்டு கை, அவ்வளவுதான் குடிப்பார் என்றாள் மதினி. ஊர்க்காரர்கள் தங்கள் மாடுகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் போய்விட்டார்கள். இரண்டு வருடத்தில் அவர் கால் வீங்கியது, பிறகு முகம் வீங்கியது. பத்து எட்டு வைத்தால் மூச்சு முட்டியது. மதுரைக்குக் கொண்டுபோனோம். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்கள். தண்ணீர் ஒரு நாளைக்கு அரை டம்ளருக்கு மேல் கூடாது. உள்ளே போகிற தண்ணீர் வெளியே வராது, நெஞ்சில் ஏறி மூச்சை அடைத்துவிடும்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வருடக்கணக்காகக் குடி குடி என்று கத்தியவன், இப்போது குடிக்காதே என்று கட்டில் பக்கத்தில் காவல் உட்கார்ந்தேன். அந்த நோயில் தாகம் எப்படி இருக்கும் என்று அங்கேதான் பார்த்தேன். ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தால் துணியைப் பல்லால் பிடித்துக்கொள்வார். ஆனாலும் தண்ணீர் வேண்டும் என்று கேட்டதில்லை.

அங்கே நான் காவல் இருந்த மூன்றாவது நாள் மத்தியானம், மச்சினன் ஊரிலிருந்து வந்து போனான். அவன் போன பிறகு இவர் என்னைக் கிட்டே கூப்பிட்டார். மதினி காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

"மிச்சமிருந்த மாட்டையும் வித்தாச்சாம் தம்பி. நேத்து லாரியில ஏத்திட்டானாம்."

எனக்கு முன்பே தெரியும். ஆமாண்ணே என்றேன்.

"அப்ப ஒண்ணும் பாக்கியில்ல?"

"ஒண்ணும் பாக்கியில்லண்ணே."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"அப்ப எனக்குத் தண்ணி குடுங்க."

அவர் வாயால் தண்ணீர் கேட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். மதினி சட்டென்று எழுந்து சொம்பைக் கையில் எடுத்துவிட்டாள். எடுத்தவள் ஊற்றாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். தம்பி ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர், தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற பார்வை. வெள்ளைக் கேனை மாட்டிவிட்ட அன்றைக்கு என் வீட்டில் வந்து நின்றபோதும் அவள் இப்படித்தான் என்னைப் பார்த்தாள். அன்றைய அரை டம்ளர் காலையில் மாத்திரைக்கே தீர்ந்திருந்தது, நான் கூடாது என்று தலையை ஆட்டினேன். அவள் சொம்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள். அவர் காதில் அந்தச் சத்தம் விழுந்திருக்கும். சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார், மறுபடி கேட்கவில்லை.

மறுநாள் அதே நேரத்துக்குப் போய்விட்டார். அந்தத் தண்ணீரைக் கொடுத்திருந்தால் ஒரு நாள் முன்னதாகப் போயிருப்பார், அவ்வளவுதான்.